கிலோவில் வாங்கி பீஸில் விற்பது: திருப்பூர் பின்னலாடைத் தொழில் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியன் தொழிலில் நூலும் துணியும் கிலோ கணக்கில் வரும். சரக்கு பீஸ் கணக்கில் போகும். இரண்டுக்கும் நடுவே கரைந்துபோகும் ஒவ்வொரு சதவீதமும் முதலாளியின் பணம். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த இழப்பைப் பற்றியவைதான். சிறிய யூனிட் தொடங்க நினைப்பவர்கள், புதிதாக மெர்ச்சண்டைசர் (ஆர்டர் வாங்குவது முதல் சரக்கு அனுப்புவது வரை கவனிப்பவர்) வேலைக்கு வந்தவர்கள், ஜவுளி படிக்கும் மாணவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

நெய்த துணிக்கும் பின்னல் துணிக்கும் என்ன வித்தியாசம்?

தறியில் பாவு (நெடுக்கு), ஊடை (குறுக்கு) என்று இரண்டு வரிசை நூல் வேண்டும். பின்னலில் ஊசி நூலை வளையமாக இழுத்து, அந்த வளையத்துக்குள் அடுத்த வளையத்தைக் கோக்கிறது. பனியன் இழுத்தால் நீள்வதும், விட்டால் சுருங்குவதும் அதனால்தான். பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது எல்லாம் இங்கே கிடையாது. கோனில் இருக்கும் நூலை நேராக மிஷினில் ஏற்றலாம். வேட்டி, சட்டைத் துணி, படுக்கை விரிப்பு எல்லாம் ஈரோடு, சோமனூர், கரூர் பக்கம். பனியன், டி-சர்ட், ஜட்டி, குழந்தைகள் உடை என்றால் திருப்பூர்.

ஏன் திருப்பூரில் மட்டும் இவ்வளவு குவிந்தது?

ஒரே காரணம் சொல்ல முடியாது. பக்கத்தில் கோவை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் அங்கே நூற்பாலைகள் பெருகின, நூல் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. திருப்பூரில் 1920களிலேயே பனியன் பின்னும் யூனிட் தொடங்கிவிட்டது. ஆனால் ஊரை வளர்த்தது ஜாப் ஒர்க் முறை (ஒவ்வொரு வேலையையும் கூலிக்குத் தனித்தனி யூனிட்டில் செய்து வாங்குவது) என்பதே எங்கள் கணிப்பு. நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பேக்டிங் (இழுபட்ட துணியைத் தள்ளிச் சுருக்குவது) ஒருவர், பிரிண்டிங் ஒருவர், எம்ப்ராய்டரி ஒருவர், தையலுக்குப் பவர் டேபிள் (கூலிக்குத் தைக்கும் யூனிட்) ஒருவர். சொந்தமாக ஒரு மிஷின்கூட இல்லாதவர் ஆர்டர் எடுத்து, பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் எல்லா வேலையையும் முடித்து சரக்கு அனுப்பிவிடலாம். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இங்கிருந்து போகிறது. 2023-24இல் திருப்பூர் ஏற்றுமதியின் மதிப்பு 30,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

இந்த முறைக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. துணி ஆறு கை மாறினால், குறைக்கு யார் பொறுப்பு என்பதில் ஆறு பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் எடை, ரோல் எண்ணிக்கை, லாட் (ஒரே தொகுதியாகத் தயாரானது) எண் மூன்றையும் டெலிவரி சலானில் எழுதி வாங்காதவர் பிறகு வாதாடிப் பயனில்லை.

நாட்டுப் பொருளாதாரத்தில் ஜவுளிக்கு உண்மையில் என்ன இடம்?

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நேரடியாக வேலை பார்ப்பவர்கள் ஏறத்தாழ 4.5 கோடி பேர் என்பது அரசு சொல்லும் கணக்கு; வேலை கொடுப்பதில் விவசாயத்துக்கு அடுத்த இடம். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். இது குறைந்த முதலீட்டில் நிறையப் பேருக்கு, அதிலும் பெண்களுக்கு, வேலை தரும் தொழில். ஒரு ஆளுக்கு இத்தனை உற்பத்தி மதிப்பு என்று கணக்குப் போட்டால் மென்பொருள், மருந்துத் துறைகளோடு போட்டி போடாது. வங்கதேசத்தின் ஏற்றுமதி வருமானத்தில் ஐந்தில் நாலு பங்கு ஆடைதான். அங்கே ஜவுளி தும்மினால் நாட்டுக்கே காய்ச்சல். இந்தியாவில் அப்படி இல்லை, ஆனால் திருப்பூருக்கு அப்படித்தான்.

'30ஸ் கோம்ட்' என்றால் என்ன?

ஒரு பவுண்டு (453.6 கிராம்) நூலில் 840 கஜச் சிட்டம் (நூல் கண்டு) எத்தனை இருக்கிறதோ அதுதான் கவுண்ட். 30ஸ் என்றால் 30 சிட்டம், அதாவது 25,200 கஜம். கிலோவுக்கு மாற்றினால் சுமார் 50.8 கிலோமீட்டர். எண் கூடக்கூட நூல் மெலியும். கோம்ட் என்றால் பஞ்சைச் சீப்பு மிஷினில் சீவி, குட்டை இழைகளை எடுத்துவிட்டது. அப்படிச் சீவாத கார்டு நூலில் அந்தக் குட்டை இழைகள் இருக்கும், துணி சீக்கிரம் பிசிறு கட்டும்.

சிங்கிள் ஜெர்சியில் (ஒரே ஊசி வரிசையில் பின்னும் சாதாரண டி-சர்ட் துணி) ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை, நடைமுறையில் இப்படி: 40ஸ் நூலுக்கு 110–120 ஜி.எஸ்.எம்., 30ஸ்க்கு 140–150, 24ஸ்க்கு 170–180, 20ஸ்க்கு 200 அளவில். 30ஸ் நூலைக் கொடுத்து 180 ஜி.எஸ்.எம். கேட்கும் பையர் (சரக்கு வாங்குபவர்) உண்டு. வளையத்தை இறுக்கிக் கொஞ்சம் ஏற்றலாம். அதற்குமேல் போனால் துணி அட்டை மாதிரி ஆகிவிடும், ஊசியும் உடையும்.

ஒன்றைக் கவனியுங்கள்: தறிக்கான நூலைப் பின்னலுக்கு வாங்கிவிடாதீர்கள். தறி நூலில் முறுக்கு அதிகம். பின்னலுக்கு 'ஹோசியரி நூல்' என்று கேட்க வேண்டும். முறுக்கு குறைவாக, மெழுகு பூசி வரும்.

பஞ்சு விலை ஏறினால் நூல் விலை எவ்வளவு ஏற வேண்டும்?

பஞ்சு கண்டி கணக்கில் விற்கும். ஒரு கண்டி 356 கிலோ. கணக்குக்காகக் கண்டி 56,000 ரூபாய் என்று வையுங்கள். கிலோ 157 ரூபாய். தூசு, கொட்டை உடைசல், சீப்பில் கழியும் குட்டை இழை எல்லாம் போக, ஒரு கிலோ கோம்ட் நூலுக்குச் சுமார் 1.4 கிலோ பஞ்சு வேண்டும். ஆக நூலில் பஞ்சின் பங்கு 220 ரூபாய். கழிவை விற்று மில் கொஞ்சம் திரும்ப எடுக்கும். மின்சாரம், கூலி, வட்டி, லாபம் இதற்குமேல்.

கண்டிக்கு 5,000 ரூபாய் ஏறினால் பஞ்சுச் செலவு மட்டும் நூல் கிலோவுக்கு 20 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஏறும். மில்காரர் 40 ரூபாய் ஏற்றினால் இந்தக் கணக்கை எடுத்துப் போய்ப் பேசலாம். 2022 மே மாதம் கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியபோது இந்தக் கணக்கெல்லாம் எடுபடவில்லை என்பதும் உண்மை. நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்துத் திருப்பூரே கடையடைத்தது.

தமிழ்நாட்டு மில்களில் நூற்கும் கதிர்கள் அதிகம், இங்கே விளையும் பஞ்சு குறைவு. குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவிலிருந்துதான் வருகிறது. லாரி வாடகையையும் சேர்த்தே மில் விலை சொல்லும்.

ஒரு டி-சர்ட்டுக்கு எவ்வளவு துணி, எவ்வளவு நூல்?

இதைக் காகிதத்தில் போடத் தெரியாமல் ஆர்டர் எடுக்கக் கூடாது. ஒரு லார்ஜ் சைஸ் வட்டக் கழுத்து டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம்.

உடல் நீளம் 72 செ.மீ. + கை நீளம் 22 + மடிப்பு, தையலுக்கு 10 = 104.
மார்பு அகலம் 54 + தையலுக்கு 4 = 58.
104 × 58 × 2 = 12,064 சதுர செ.மீ. அதாவது 1.206 சதுர மீட்டர்.
150 ஜி.எஸ்.எம். என்றால் 181 கிராம். கட்டிங் கழிவு, ரோல் முனை, பழுது எல்லாம் சேர்த்து 10 சதவீதம் போட்டால் ஏறக்குறைய 200 கிராம். கழுத்து ரிப் (கழுத்தில் தைக்கும் இழுவைப் பட்டை) தனிக் கணக்கு.

ஆயிரம் பீஸுக்கு 200 கிலோ சாயத் துணி. நிட்டிங்கிலும் சாயத்திலும் சேர்ந்து 8 சதவீதம் குறையும் என்று வைத்தால் 200 ÷ 0.92 = 217 கிலோ நூல். ஒரு பீஸுக்கு 217 கிராம், 30ஸ் நூலில் 11 கிலோமீட்டர்! நூல் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் பீஸுக்கு 4.35 ரூபாய் ஏறும். பீஸுக்குப் பத்து ரூபாய் லாபம் வைத்து ஆர்டர் எடுத்தவருக்கு இது கிட்டத்தட்டப் பாதி. ஆகவே ஆர்டர் உறுதியான அன்றே நூலை புக் செய்துவிடுவது நல்லது.

இதே கணக்கில் துணி 150க்குப் பதில் 158 ஜி.எஸ்.எம். வந்துவிட்டால்? பையர் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். ஆனால் 200 கிலோ துணியில் 1,000 பீஸ் வராது. 950 பீஸில் துணி தீர்ந்துவிடும். எடை குறைவைப் பார்க்கிற அளவுக்கு எடை கூடுதலையும் பாருங்கள். வட்டக் கத்தியில் 100 சதுர செ.மீ. துண்டு வெட்டித் தராசில் போட்டு, கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். வந்துவிடும். ரோலின் இரு ஓரம், நடு என்று மூன்று இடத்தில் வெட்டுங்கள்.

நிட்டிங்கில் எந்தெந்தக் குறைகள் வரும்?

மிஷினை டயா, கேஜ் என்று சொல்வார்கள். 30 டயா 24 கேஜ் என்றால் 30 அங்குல விட்டம், ஒரு அங்குலத்துக்கு 24 ஊசி. சுற்றிலும் சுமார் 2,260 ஊசிகள். 30ஸ் சிங்கிள் ஜெர்சிக்கு வளைய நீளம் 2.7–2.8 மி.மீ. வைப்பது வழக்கம்.

துணியில் நீளவாக்கில் ஒரே கோடு ஓடினால் ஊசி வளைந்திருக்கிறது, அல்லது ஊசிக் காடியில் பஞ்சு அடைத்திருக்கிறது. குறுக்கே பட்டை பட்டையாகத் தெரிந்தால் நூல் லாட் கலந்துவிட்டது, அல்லது ஒரு ஃபீடரில் (ஊசிகளுக்கு நூல் ஊட்டும் இடம்) இழுவை மாறியிருக்கிறது. குறுக்குப் பட்டை கிரே (சாயம் போடாத) துணியில் சரியாகத் தெரியாது. சாயம் ஏறினபின் பல்லைக் காட்டும். அதற்குள் கூலி, சாயம், தண்ணீர் எல்லாம் செலவாகியிருக்கும். ஒரு லாட் கோனும் இன்னொரு லாட் கோனும் ஒரே மிஷினில் ஏறக் கூடாது என்பதை நிட்டிங் மாஸ்டரிடம் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, கோன் லேபிளையும் பார்க்க வேண்டும்.

துவைத்தால் பக்கத் தையல் முன்னால் திரும்பி வருகிறதே?

நூலில் அடங்காமல் இருக்கும் முறுக்கு, தண்ணீர் பட்டதும் தன் வேலையைக் காட்டுகிறது, வளையங்கள் சாய்கின்றன. மிஷினில் ஃபீடர் அதிகமாக இருப்பதும், வளையம் தளர்வாக இருப்பதும் இதைக் கூட்டும். இரட்டை ஊசி வரிசையில் பின்னும் இன்டர்லாக், ரிப் துணிகளில் இது பெரும்பாலும் வராது. கடைசிக் கட்டத்தில் ஸ்டென்டரில் (துணியை அகலவாக்கில் பிடித்து உலர்த்தும் மிஷின்) துணியை எதிர்ப்பக்கம் சாய்த்து நேராக்கி அனுப்புவார்கள். அது பையர் கண்ணுக்கு நேராகத் தெரியும், மூன்று துவையலில் பழையபடி திரும்பிவிடும்.

சுருக்கம் வேறு விஷயம். பின்னல், சாயம், உலர்த்தல் என எல்லா இடத்திலும் துணி நீளவாக்கில் இழுபடுகிறது. காம்பேக்டிங்கில் அதைத் தள்ளிச் சுருக்கித் திருப்பி வைக்க வேண்டும். சோதிக்க 50 செ.மீ. சதுரம் வரைந்து, துவைத்து உலர்த்தி அளவெடுங்கள், 47.5 வந்தால் 5 சதவீதச் சுருக்கம். வெட்டுவதற்கு முன் ரோலைப் பிரித்து மடிப்பாகப் போட்டுக் குறைந்தது 12 மணி நேரம், லைக்ரா (ரப்பர்போல் இழுபடும் இழை) கலந்த துணியானால் 24 மணி நேரம் தளர விடுங்கள். அவசரத்துக்கு ரோலிலிருந்து நேராக வெட்டினால் மீடியம் சைஸ் ஸ்மாலாகிவிடும்.

சாயப்பட்டறை ஏன் எப்போதும் பிரச்சினையாகவே இருக்கிறது?

உப்பால். கழிவுநீரின் நிறத்தைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், நிறத்தை எடுத்துவிடலாம். உப்பை எடுப்பதுதான் கஷ்டம்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறார்கள். முதலில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து 95 டிகிரிக்கு மேல் கொதிக்கவைத்து மெழுகையும் மஞ்சளையும் எடுக்க வேண்டும். மீதிப் பெராக்சைடை என்சைம் போட்டுக் கொல்ல வேண்டும். அதில் விட்டுவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பிறகு 60 டிகிரியில் சாயம். சாயமும் பருத்தியும் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கும். உப்புதான் சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுகிறது. அதற்குப்பின் சோடா ஆஷ் போட்டால் சாயம் இழையோடு கட்டிக்கொள்ளும்.

500 கிலோ கொள்ளும் சாஃப்ட் ஃப்ளோ சாய மிஷினில் கருநீலம் போடுகிறார்கள் என்று வையுங்கள். துணிக்கு எட்டு மடங்கு தண்ணீர், 4,000 லிட்டர். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்றால் 320 கிலோ. மூட்டைகளை அடுக்கினால் ஆள் உயரம். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம்தான். அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் உப்பான தண்ணீரில் துணி ஓடுகிறது. இந்த 320 கிலோவில் ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது, அத்தனையும் வடிகாலுக்கு. சாயத்திலும் நாலில் ஒரு பங்கு ஒட்டாமல் போய்விடும், அதைக் கழுவ மறுபடி தண்ணீர்.

இந்த உப்புதான் நொய்யல் ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ஒரத்துப்பாளையம் அணை நீர் பாசனத்துக்கு ஆகாமல் போனது. வெளியே விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. விவசாயிகள் தொடர்ந்து வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு மாறியவர்களே திரும்பத் திறந்தார்கள்.

அந்த முறையில் முதலில் பாக்டீரியா தொட்டி, அடுத்து நுண்வடிகட்டி, அதற்கடுத்து ஆர்.ஓ. சவ்வு. நல்ல தண்ணீர் பெரும்பகுதி அங்கேயே பிரிந்து பட்டறைக்குத் திரும்பும். எஞ்சிய உப்புக் கரைசலை ஆவியாக்கிப் படிகமாக்குகிறார்கள். ஓரளவு உப்பு மறுபடி சாயத்துக்கே போகிறது. கலப்பு உப்பும் கசடும் மட்டும் சாக்கில் தேங்கும், அதற்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை. ஆவியாக்க விறகும் மின்சாரமும் ஏராளமாக வேண்டும். அந்தச் செலவு சாயக் கூலியில் ஏறி வரும். வெளியூரில் சாயம் மலிவு என்று யாராவது சொன்னால், அங்கே உப்பு எங்கே போகிறது என்று கேளுங்கள்.

சாயம் போகிறது, ஒரே ஆர்டரில் நிறம் மாறுகிறது. யார் தவறு?

சாயம் போனால் பெரும்பாலும் சோப்பிங் குறை. ஒட்டாத சாயத்தை 90 டிகிரிக்கு மேல் சோப்பில் ஓட்டிக் கழுவ வேண்டும். தண்ணீரையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க ஒரு கழுவலை விட்டுவிடுவார்கள். வெள்ளைத் துணியை ஈரமாக்கிச் சாயத் துணியின் மேல் பத்துத் தடவை தேய்த்தாலே தெரிந்துவிடும்.

நிறம் மாறுவதற்கு லாட்தான் காரணம். பையர் அங்கீகரித்த லேப் டிப்போடு (சாய மாதிரித் துண்டு) ஒப்பிடுவதைப் போலவே லாட்டுக்கு லாட்டும் ஒப்பிடுங்கள், அதுவும் பையர் சொன்ன விளக்கு வெளிச்சத்தில். கட்டிங்கில் ஒவ்வொரு அடுக்குக்கும் எண் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். முன்பக்கம் ஒரு லாட், கை இன்னொரு லாட் என்று தைத்துவிட்டால் பிரித்துத் தைக்கும் கூலியில் லாபம் போய்விடும்.

தையலுக்கு எத்தனை பேர் வேண்டும்?

ஒரு பேசிக் டி-சர்ட்டில் தோள் இணைப்பு, கழுத்து ரிப் ஏற்றல், பின்கழுத்து டேப், கை மடிப்பு, கை ஏற்றல், பக்கத் தையல், அடி மடிப்பு என்று ஏழெட்டு வேலை. இணைப்பெல்லாம் ஓவர்லாக் மிஷின், மடிப்பு ஃப்ளாட்லாக் மிஷின், டேப்புக்கும் லேபிளுக்கும் சிங்கர் (ஒற்றை ஊசி மிஷின்). கைமடி (டெய்லருக்கு உதவுபவர்), செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆட்கள் தனி.

மொத்தத் தையல் நேரம் 8 நிமிடம், 10 டெய்லர், 8 மணி நேர ஷிப்ட் என்றால் காகிதத்தில் 600 பீஸ். புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் பாதி வந்தாலே பெரிது. ஆகவே 300 என்று வைத்துத் தேதி சொல்லுங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. ராத்திரி தைத்ததில்தான் ஆல்டர் (பிரித்துத் திருத்த வேண்டிய பீஸ்) அதிகம்.

பையர் இன்ஸ்பெக்‌ஷனில் எத்தனை பீஸ் பார்ப்பார்கள்?

ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க குறை அளவு) 2.5, சாதாரண நிலை என்றால் 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டில் 125 பீஸ் எடுப்பார்கள். ஏழு பெரிய குறை வரை பாஸ். எட்டு வந்தால் மொத்த லாட்டும் திரும்பும்.

ஜாப் ஒர்க் பணம் வர மாதக்கணக்கில் ஆகிறது. ஏதாவது பாதுகாப்பு உண்டா?

உண்டு. உதயம் (மத்திய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் பதிவு) பதிவு செய்த குறு, சிறு யூனிட்டாக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டு சட்டம். 2023-24 நிதியாண்டு முதல், அப்படித் தராத பாக்கியை வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. சட்டம் சொல்லியும் நடக்காததை இது சாதிக்கிறது: மார்ச் மாதம் ஆடிட்டரே போன் செய்து பணம் கொடுக்கச் சொல்வார். பில்லில் உதயம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். வெறும் வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது பொருந்தாது.

அமெரிக்க வரி, வங்கதேசப் போட்டி: சிறிய யூனிட்டை எப்படிப் பாதிக்கும்?

அமெரிக்காவில் பருத்தி டி-சர்ட்டுக்கு வழக்கமான வரியே 16.5 சதவீதம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அதன்மேல் 50 சதவீதம் விழுந்தது. இந்த விகிதங்கள் நிலையாக நிற்பவை அல்ல, ஆர்டர் எடுக்கும் நாளில் பாருங்கள். எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரை மட்டும் நம் செலவு) விலையில் வரி பையர் தலையில்தான். ஆனாலும் 'பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று டிஸ்கவுண்ட் கேட்டு வருவார். அந்த டிஸ்கவுண்ட் ஏற்றுமதியாளரிடமிருந்து பவர் டேபிள் கூலி வரை இறங்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பருத்தி டி-சர்ட்டுக்குப் பொது வரி 12 சதவீதம், வங்கதேசத்துக்குப் பூஜ்யம். நம் நூலை வாங்கித் தைத்து, நம்மைவிட மலிவாக விற்க அவர்களுக்கு முடிகிறது. பெரிய அளவு, ஒரே ஸ்டைல் என்றால் அவர்களோடு விலையில் மோத முடியாது. ஒரு ஸ்டைலுக்கு 500, 1,000 பீஸ், நாலு நிறம், பிரிண்டும் எம்ப்ராய்டரியும் என்று வந்தால் திருப்பூரின் ஜாப் ஒர்க் வலை கைகொடுக்கும். பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் கையெழுத்தான ஒப்பந்தம், நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து இந்திய ஆடைக்கு வரியை நீக்குவது.

கட்டிங் கழிவை என்ன செய்வது?

குப்பை என்று நினைத்து ஒரே சாக்கில் அள்ளிப் போடுபவர்கள் காசை அள்ளிப் போடுகிறார்கள். வெள்ளை தனி, அடர் நிறம் தனி, லைக்ரா கலந்தது தனி என்று மேஜையடியிலேயே பிரியுங்கள். வெள்ளைப் பருத்தித் துண்டுக்கு விலை அதிகம். அதைப் பிய்த்துத் திரும்பப் பஞ்சாக்கி ஓபன் எண்ட் மில்லில் நூலாக்குகிறார்கள், வண்ணத் துண்டு அதே நிறத்தில் நூலாகும், சாயமே தேவைப்படாது. லைக்ரா கலந்தால் பிய்க்கும் மிஷினில் சுற்றிக்கொள்ளும், விலையும் அதற்கேற்ப இறங்கும். எண்ணெய் பட்டதை மிஷின் துடைக்க வாங்கிப் போவார்கள். விற்கும் முன் எடை போட்டு, அந்த ஆர்டருக்கு வந்த துணியோடு ஒப்பிடுங்கள். 10 சதவீதம் என்று எழுதிய இடத்தில் 14 வந்திருந்தால் மார்க்கர் (துணியில் பாகங்களை அடுக்கும் வெட்டு வரைபடம்) போட்டவரிடம் பேச வேண்டியது இருக்கிறது.